வடிகட்டியில் ஒன்றுமில்லை

லிஃப்ட்காரருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் உண்டு: கோளாறு சும்மா வராது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். கதவு ஓடுகிற தடத்தில் யாரோ போட்ட மிட்டாய்த் தாளோ, கருகிப்போன ஒரு சுவிட்சோ, எலி ருசி பார்த்த கம்பியோ. தேடினால் அகப்படும். அகப்படவில்லையென்றால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். மீசை நரைக்கும்வரை இதை வைத்தே பிழைப்பை ஓட்டிவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்துவார்கள். இவர் வெளியே நின்று, "பதறாதீங்க, காரணம் கெடச்சுட்டா கதவு தொறந்துடும்" என்பார். அதனால் யாரும் சமாதானமானதாகத் தெரியவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஒரு பழைய பாத்திரம் கழுவும் மெஷின் மாதக்கணக்கில் தலையைச் சொறிய வைத்தது.

அதற்கு முன்னால் அவர் மனைவியின் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாண உடுப்பு தைக்கிற பட்டறையில் அவளுக்குப் பட்டு மேஜையில் வேலை. உடுப்பின் உள்பக்கம் பட்டுத்துணி வைத்து, வெளியே தையல் தெரியாமல் கையால் இழுத்துத் தைப்பது. பட்டறையிலேயே கௌரவமான மேஜை அது. அந்தக் கைகளில் தோல் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு எல்லா விரல் நுனியும். சிவந்து, காய்ந்து, செதில் செதிலாக உரிந்து, அரம் மாதிரி ஆகிவிட்டன. பட்டு மேல் கையை வைத்தால் இழை மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. மணப்பெண் ஒருத்தியின் உடுப்பில் நட்டநடுவே ஒரு இழை சுருங்கிப்போய், அதைப் பிரித்து வேறு துணி வைக்க வேண்டியதாயிற்று. பட்டறையின் மேற்பார்வையம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொஞ்ச நாள் பொத்தான் தையுங்க. கை ஆறினதும் பட்டுக்கு வந்துடலாம். ஆனா கோடை வர்றதுக்குள்ள ஆறணும். அப்புறம் வேலை குவிஞ்சுடும், நான் வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும்."

டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "களிம்பெல்லாம் சும்மா பேருக்குத்தான். கை தண்ணியிலயும் சோப்புலயும் படக்கூடாது, அதான் வைத்தியம்" என்றார். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வேர்த்து, மணிக்கட்டு வரை தடித்துவிட்டது. அப்படியானால் புருஷன் கழுவ வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கழுவினார். அவர் கழுவி வைத்ததை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கழுவினீங்களா, இல்ல தண்ணி காட்டினீங்களா?" என்று மறுபடியும் கழுவினாள். கைக்கு அதே தண்ணீர், அதே சோப்பு, மேலே கொஞ்சம் எரிச்சலும்.

இந்த நிலையில்தான் ஒரு பல் டாக்டரம்மாவின் வீட்டில் அந்த மெஷினைப் பார்த்தார்.

டாக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாமான் ஏற்ற லிஃப்டைத் தயார் செய்து கொடுக்கப் போன லிஃப்ட்காரர், சமையலறை மூலையில் நின்றதைப் பார்த்து முதலில் ஏதோ மேஜை என்றுதான் நினைத்தார். இடுப்பு உயரம். பாலாடை நிறத்தில் எனாமல் பூசிய உடம்பு, முனைகளெல்லாம் சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி உருண்டை. தலையில் காய் நறுக்கித் தழும்பேறிய கெட்டிப் பலகை. காலில் நாலு சக்கரம். பலகையைத் தூக்கினால் உள்ளே கூடைக்கு மேல் கூடை. அடியில், படகின் பின்னால் சுழல்கிற மாதிரி ஒரு சின்ன விசிறி, அதைச் சுற்றி வட்டமாக ஒரு வடிகட்டி.

"இது என்னம்மா?"

"பாத்திரம் கழுவுற மெஷின். உங்க கல்யாணத்துக்கும் முந்தினது. சிங்க் பக்கத்துல உருட்டிட்டு வந்து குழாயில மாட்டணும், வேலை முடிஞ்சா மூலைக்குத் தள்ளிடணும். பல்லையும் பாத்திரத்தையும் நான் கையால தேய்ச்சதே இல்ல."

"இன்னும் ஓடுதா?"

கேட்டிருக்கக் கூடாது. டாக்டரம்மா பெட்டி கட்டுவதை அப்படியே போட்டுவிட்டு அதை உருட்டிக்கொண்டு வந்தார். குழாயைத் திறந்து, கை சுடுகிற வரைக்கும் தண்ணீரை விட்டார். "ஜில் தண்ணியில மாட்டினா அதுக்குக் கோபம் வரும்." பிறகு பின்புறத்திலிருந்து இரட்டை ஹோசை இழுத்து, அதன் தலையைக் குழாய் வாயில் 'கிளிக்'கென்று மாட்டினார். ஒரு ஹோஸ் வழியாகச் சுடுதண்ணீர் உள்ளே போயிற்று. இன்னொன்று அழுக்குத் தண்ணீரைச் சிங்கிலேயே கொட்டும். கைப்பிடி அளவு வட்டத் திருகுக் குமிழை ஒரு சுற்றுச் சுற்றினார். 'டக்' என்றது. உள்ளே மழை கொட்டுகிற சத்தம். லிஃப்ட்காரர் பலகை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு ஒழுங்காக இருந்தது. நல்ல மோட்டாரின் அதிர்வு. அவருக்கு அது தெரியும்.

"கழட்டுறதுக்கு முன்னாடி இந்தச் சிவப்புப் பொத்தான அமுக்கணும். இல்லேன்னா தண்ணி மூஞ்சியிலயே அடிக்கும். இத யாருக்குக் குடுக்கிறதுன்னுதான் யோசிச்சுட்டிருக்கேன். ஒருத்தர் வந்து, மேல பூத்தொட்டி வச்சா நல்லா இருக்கும்னார். அனுப்பிட்டேன்."

"நான் பூத்தொட்டி வைக்க மாட்டேம்மா. வீட்டுல கைதான் பிரச்சனை" என்று லிஃப்ட்காரர் கதையைச் சொன்னார். டாக்டரம்மா மெஷினைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. கீழ்வீட்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்த கொழுந்தியாள், சக்கரச் சத்தம் கேட்டு மாடிக்கு ஓடி வந்தாள். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. "அக்கா, பாத்துக்கோ! மாமா சின்ன வீட்டக் கூட்டிட்டு வந்துட்டாரு. அதுவும் பகல்லயே, நடுக்கூடத்துல உருட்டிட்டு."

"வயசானவளாத் தெரியுதே" என்றாள் மனைவி, எனாமலைத் தடவிப் பார்த்து.

"மாமாவுக்கு ஏத்த ஜோடிதான்."

லிஃப்ட்காரர் காதில் வாங்கவில்லை. "இந்தா பாரு, இனிமே உன் கை தண்ணியில படாது. நீ பாத்திரத்த உள்ள அடுக்கி மூடிடு. அதுக்குத் தண்ணி தேவையில்ல. சாயங்காலம் நான் வந்து உருட்டி, மாட்டி, ஓட்டி, தள்ளிடுறேன். கோடைக்கு முன்னாடி நீ பட்டு மேஜையில இருப்ப."

அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சிரித்தாள்.

முதல் வாரமே சோதனை வந்தது. ஒரு முள்கரண்டியின் பற்களுக்கு நடுவில் முட்டை மஞ்சள் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரே ஒரு கரண்டி. லிஃப்ட்காரர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடுமுறை. மெஷினைக் கூடத்தில் குப்புறக் கவிழ்த்து, விசிறியைக் கழற்றி, வடிகட்டியைக் கழற்றி, வால்வைப் பிரித்து, ஆணி ஆணியாகத் தாம்பாளத்தில் பரப்பிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. பேசினால் பதிலில்லை. மனைவி டீ வைத்துவிட்டுப் போனாள், அது ஆடை படிந்து ஆறியது. சாயங்காலம் விசிறியின் ஒரு இதழில் லேசாகச் சுண்ணாம்பு படிந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சுரண்டி எடுத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகுதான் முகத்தில் களை வந்தது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு மெஷின் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கரண்டியென்ன, அடிப்பிடித்த சட்டிகூடப் பளபளவென்று வந்தது. சிங்கில் கொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டுவார். "பாரு, கழுவின தண்ணியே எவ்ளோ தெளிவா வருதுன்னு! இப்ப வர்ற மெஷின்ல இதெல்லாம் நடக்குமா?"

"ஆமாங்க. நல்லாத்தான் வருது."

"காரணம் கெடச்சுட்டா அவ்ளோதான். ஒரு சுண்ணாம்புத் துணுக்கு!"

வாராவாரம் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார். ஒரு துரும்பு இருக்காது. அவருக்குப் பெருமை பிடிபடாது. வேலை முடிந்ததும் பலகையைத் துடைத்து, எனாமலுக்கு மெழுகு போட்டு, ஹோசைச் சுருட்டிப் பின்னால் வைத்து, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற பக்குவத்தில் மூலைக்குத் தள்ளுவார். "என்னைக்காவது அக்காவ இப்படித் தொடச்சிருக்கீங்களா மாமா?" என்று கொழுந்தியாள் கேட்டாள். ஒருநாள் இன்னொன்றும் சொன்னாள்: "உங்க மெஷின் பாவம் மாமா. குளிச்சிட்டு வர்றவங்களையே திரும்பக் குளிப்பாட்டிட்டு இருக்கு." அவர் அதை அவளுடைய வழக்கமான கிண்டல்களோடு சேர்த்து விட்டுவிட்டார்.

எல்லாம் சரியாக இருந்தது, இரண்டைத் தவிர. ஒன்று, கண்ணாடி டம்ளர்கள். பனி பிடித்த ஜன்னல் மாதிரி ஒவ்வொன்றாக மங்க ஆரம்பித்தன. இன்னொன்று, மனைவியின் கைகள். அவை ஆறவில்லை.

இதுதான் லிஃப்ட்காரருக்கு விளங்கவில்லை. டம்ளர் மங்கினால் மெஷினில் கோளாறு, அது சரி. கை ஏன் ஆறவில்லை? கை தண்ணீரில் படுவதேயில்லையே. களிம்பு பழசா? பட்டறைப் பொத்தானில் ஏதாவது சாயமா? சோப்புத் தூளை அளந்து போடும்போது காற்றில் பறந்து படுகிறதா? சோப்பை மாற்றினார். பிறகு தானே சோப்பு போட ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வேலைக்கு எடுத்துப் போய், அங்கே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்து வந்தார். டாக்டரிடம் போனார்கள். "தண்ணி படுதா?" என்றார் டாக்டர். "படல" என்று லிஃப்ட்காரர் முந்திக்கொண்டு சொன்னார். மனைவி சுவரில் தொங்கிய தோல் நோய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்கும் குழப்பம். இன்னொரு களிம்பு எழுதினார்.

வெயில் ஏறத் தொடங்கியது. மேற்பார்வையம்மா ஒரு புதுப் பெண்ணைப் பட்டு மேஜைக்கு அழைத்து வந்து சும்மா உட்கார வைத்துப் பார்த்தாள் என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, "சின்னப் பொண்ணு. கை வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றாள். லிஃப்ட்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பல வருஷம் முதுகு வளைத்து அவள் சம்பாதித்த மேஜை அது. தன்னால் ஒரு டம்ளர் மங்குவதற்குக்கூடக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய மெஷின்களுக்கான பார்ட்ஸ் விற்கிற ஓர் அம்மாவின் நம்பரை யாரோ கொடுத்தார்கள். வெளியூர். போனிலேயே வியாபாரம். மதியம் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டார்.

"சொல்லுங்க, என்ன செத்துப்போச்சு?"

"ஒண்ணும் சாகலம்மா. டம்ளரெல்லாம் மங்கிப்போகுது."

"வினிகர் வச்சுத் தேச்சீங்களா?"

"தேச்சேன். போகல."

"உப்பு படிஞ்சிருந்தா வினிகருக்குப் போயிடும். போகலேன்னா சோப்பு கண்ணாடியவே தின்னிருக்கு. அது இனி திரும்பாது. சோப்பு நெறையப் போடுறீங்களா?"

"கிண்ணத்துல பாதிதான்."

"தண்ணி அடிக்குதா நல்லா? விசிறி சுத்துதா?"

"பம்பரம் மாதிரி."

"வடிகட்டியில என்ன மாட்டுது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமே மாட்டாதும்மா. ஒரு துணுக்கு இருக்காது. அவ்ளோ சுத்தமான மெஷின்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தார்.

"அண்ணே, உங்க வீட்டுல சமைக்கிற வழக்கம் உண்டா?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க!"

"சாப்பிடுறீங்கல்ல? மென்னு, முழுங்கி?"

"மூணு வேளையும்."

"அப்ப வடிகட்டியில ஏதாவது நிக்கணுமே. அழுக்கு உள்ள போனாத்தானே நிக்கும்? சோப்புக்குத் திங்க அழுக்கு வேணும். கெடைக்கலேன்னா கண்ணாடியத் திங்கும், அதுவும் எதையாவது தின்னாகணும்ல? யாரோ நல்லாக் கழுவிட்டுத்தான் உள்ள வைக்கிறாங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. வேற ஏதாவது வேணுமா? ரப்பர் வளையம் புதுசா வந்திருக்கு."

லிஃப்ட்காரர் ஒரு ரப்பர் வளையம் சொல்லிவைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

போனை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. யாரோ கழுவுகிறார்கள். யார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். தான் கழுவவில்லை. அது நிச்சயம். இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆனால் அவர் அதை நேரான வழியில் போடாமல், கொழுந்தியாளாக இருக்குமோ, பூனை நக்கியிருக்குமோ என்றெல்லாம் சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

அன்று வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பட்டறையில் மனைவிக்குப் பொத்தான் வேலை மதியத்தோடு சரி. படியேறும்போதே குழாய்ச் சத்தம் கேட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிங்கில் நின்றாள். முழங்கை வரை நுரை. தட்டைத் தேய்த்து, அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்திப்பட்டு, திரும்பி மெஷினுக்குள் அடுக்கினாள். அடுத்த தட்டு. நடுவில் கையை உதறி, வாயால் ஊதிக்கொண்டாள். எரிகிறது போல.

உள்ளே போயிருக்கலாம். "என்ன பண்ற?" என்று கத்தியிருக்கலாம். லிஃப்ட்காரர் சத்தமில்லாமல் திரும்பிப் படியிறங்கி, கீழே கொழுந்தியாளின் கடை வாசலில் வந்து நின்றார். கோபமா, வருத்தமா, தன்னை ஏமாற்றினார்களா, தானே ஏமாந்தாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

கடையில் ஆளில்லை. கொழுந்தியாள் தரையிலிருந்து முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்தினாள்.

"பாத்துட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"இந்தத் தெருவுக்கே தெரியும் மாமா. தெனம் ரெண்டு மணிக்குக் குழாய் ஓடுது, சாயங்காலம் நீங்க வந்து அதே பாத்திரத்த உருட்டிட்டுப் போய் ஓட்டுறீங்க."

"ஏன்? ஏன் அப்படிப் பண்றா? கை போகுது. மேஜை போகப் போகுது. அவளுக்காகத்தானே கொண்டு வந்தேன்?"

"அந்த ஞாயித்துக்கிழமை ஒரு முள்கரண்டிக்காக எப்படி உக்காந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கா? சாப்பிடாம, பேசாம, வீட்டுல யாரோ போயிட்ட மாதிரி. அக்கா அன்னைக்கு இங்க வந்துதான் அழுதா. 'அவரு வேலையில இருந்து வந்ததும் அது ஒண்ணுதான் சிரிப்பு, அதுவும் போயிடுச்சுன்னா?'ன்னா. மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சுட்டா."

"நான் சுண்ணாம்பச் சுரண்டினேனே! அதுக்கப்புறம்தான் நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

கொழுந்தியாள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

மேலே போனார். இந்தத் தடவை செருப்பைத் தேய்த்து நடந்தார். உள்ளே குழாய் நின்றது. அவர் நுழையும்போது அவள் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். மெஷின் மூடியிருந்தது.

"என்னங்க, இவ்ளோ சீக்கிரம்?"

"நான் முன்னாடியே வந்தேன். பாத்தேன்."

அவள் முகம் மாறியது. வெட்கப்படுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பாத்தா பாருங்க! நான் என்ன திருடினேனா? பாத்திரம்தானே கழுவினேன். பாத்திரம் கழுவுறது எனக்குச் சுலபம். உங்களத் தேத்துறதுதான் கஷ்டம். அந்த மெஷின் ஒரு கரண்டியில தோத்தா நீங்க ஒரு நாள் முழுக்கத் தோத்துப் போய் உக்கார்றீங்க. எனக்கு ரெண்டு நோயாளிய வச்சுப் பாக்க முடியாது. ஒண்ணு போதும், என் கை."

"கைக்குத்தானே மெஷினு?"

"கைக்கா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. ஒரு நாளாவது கைய வாங்கிப் பாத்தீங்களா? தெனம் மூடியத் தொறந்து பாத்திரத்தத்தான பாத்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. உண்மைதானா? பாத்திரம் பளிச்சென்று இருந்தால் கையும் சரியாகிவிடும் என்று நினைத்ததாக ஞாபகம். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று. இப்போது யோசித்தால் எது எதற்குக் காரணம் என்று தலைகால் புரியவில்லை.

முந்தானையிலிருந்து அவள் கையை உருவி எடுத்தார். விரலிடுக்குகளில் புதுச்சிவப்பாக வெடிப்பு. நனைந்து வெளுத்த தோல். அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"இனிமே அழுக்கோடயே வையி" என்றார்.

"வைக்கிறேன். வெளிய வரும்போது ஏதாவது ஒட்டிட்டு வரும். அப்ப?"

"அப்ப கழட்டிப் பாத்து..."

"அதான் கூடாதுங்கிறேன்! நீங்க ஸ்க்ரூடிரைவர எடுத்தா நான் பாத்திரம் தேய்க்கிற பஞ்ச எடுப்பேன். சொல்லிட்டேன்."

அப்படித்தான் ஒப்பந்தமாயிற்று. மறுநாள் சாயங்காலம், அந்த முள்கரண்டிக்குப் பிறகு முதன்முதலாக, அழுக்குப் பாத்திரங்கள் அழுக்காகவே உள்ளே போயின. மூடியைச் சாத்தும்போது அவளுக்குக் கண்ணே கூசியது. விருந்தாளி எதிரில் கிழிசல் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்ததாம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் மெஷினை உருட்டி மாட்டினார். சிங்கில் கொட்டிய தண்ணீர் கலங்கலாக, பழுப்பாக, ஏதேதோ மிதக்க வந்தது. இத்தனை நாளும் தெளிவாக வந்த தண்ணீரைத்தானே மெச்சினோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

'டக்' என்று நின்றது. சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கழற்றினார். மூடியைத் திறந்தால் ஆவி. முதல் தட்டு சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

அவர் தட்டைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சிய மாத்துங்க."

"எந்த மூஞ்சிய?"

"இதோ, இந்த மூஞ்சிய."

"இது என் சாதா மூஞ்சி."

"உங்க சாதா மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. புருவத்தை உயர்த்திப் பார்த்தார், உதட்டை இழுத்துப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் கோட்டை நகத்தால் சுரண்டினார். பாதி போயிற்று. மீதி போகவில்லை. "அலமாரியில வச்சுடவா?" என்றார். "வைங்க" என்றாள். தொடைக்கு அடியில் அவள் கைகள் நெளிந்தன, ஆனால் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு வடிகட்டியில் தினமும் ஏதாவது இருந்தது. லிஃப்ட்காரர் அதைக் கொட்டிவிட்டு, அவள் கையை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார். ஒருநாள் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும், மறுநாள் அப்படி இல்லாத மாதிரி இருக்கும். புதுப்பெண் பட்டு மேஜையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டாளா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

கோடையின் முதல் பெரிய ஆர்டர் வந்த அன்று அவள் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வரவில்லை. லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு காலி. சிங்கில் காலைப் பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. முட்டை காய்ந்த சட்டி, டீ கறை படிந்த டம்ளர், ரொட்டித் துண்டு ஊறிய தட்டு. கல்யாணமான நாளாக அவர் பார்த்திராத காட்சி. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று திரும்பவும் வாசலுக்கு வந்தார். போன் அடித்தது.

"ஏங்க, வந்துட்டீங்களா? நான் வர நேரமாகும்."

"என்னாச்சு?"

"மேற்பார்வையம்மா பட்டு மேஜைக்குக் கூப்பிட்டாங்க. புதுப்பொண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"கையில இழை மாட்டுதா?"

"சுண்டுவிரல்ல மட்டும். அத மடக்கிட்டுத் தைக்கிறேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வந்து என் தையலப் பாத்தாங்க, போயிட்டாங்க. நாளைக்கும் இங்கயே உக்காரச் சொன்னாங்க."

"அப்படின்னா மேஜை உன்னுதா?"

"நாளைக்கு என்னுது. அதுக்கு மேல எனக்கு எப்படிங்க தெரியும்? அது சரி, பாத்திரம் சிங்க்லயே கெடக்கு. நேரமில்ல, விட்டுட்டு வந்துட்டேன். பாவம்னு நீங்க கழுவி கிழுவி வச்சுடாதீங்க. அப்படியே உள்ள வச்சு ஓட்டுங்க."

வைத்துவிட்டாள். லிஃப்ட்காரர் மெஷினை உருட்டி வந்து மூடியைத் திறந்தார். அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்கு அத்துப்படி. விசிறியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆனால் இந்தக் கூடையில் ஒரு தட்டைக்கூட அவர் இதுவரை வைத்ததில்லை. தட்டு உள்பக்கம் பார்க்க வேண்டுமா, வெளிப்பக்கமா? சட்டி கவிழ்ந்து படுக்குமா, சாய்ந்து நிற்குமா? ஒரு தட்டை வைத்தார், அது சரிந்து டம்ளர் மேல் விழுந்தது. திருப்பி வைத்தார், மூடி மூடவில்லை. கொஞ்ச நேரம் அழுக்குத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"ஏம்மா, தட்டு எந்தப் பக்கம் பாக்கணும்?"

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ அதைத் திருப்பிச் சொன்னாள். மேஜை முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது, புதுப்பெண்ணும் சேர்ந்துதான். பதில் வரட்டும் என்று லிஃப்ட்காரர் போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தார்.